தாமதமாகத் திரும்பும் ஒலியும் மூன்றாவது மனிதனும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் மின்னணுவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னைப் பேசக் கூப்பிட்டபோது மூன்று நிபந்தனை போட்டார். "சம்பளத்தைப் பத்திப் பேசாதே. அமெரிக்காவைப் பத்திப் பேசாதே. 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்காதே. இந்த மூணையும் போன வருஷமே எல்லாரும் பேசித் தீர்த்துட்டாங்க. உனக்குப் பிடிச்சது எதையாவது இருபது நிமிஷம் பேசு" என்றார்.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் தரையில் கிடக்கும், காலால் மிதித்து இயக்கும் ஒரு சின்னப் பெட்டி. இன்னொன்று, 1949-ல் வெளிவந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இரண்டுக்கும் இன்று விமரிசனம் சொல்லப் போகிறேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறான் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் தாமதத்தைப் பற்றியவை. பேசிக்கொண்டே போனால் கடைசியில் நம் தொழிலில் வந்து நிற்கும்.

பெட்டி

பெட்டியின் பெயர் கார்பன் காப்பி. எம்.எக்ஸ்.ஆர். என்ற பெயரில் 2008-ல் வந்தது. இந்த வகைப் பெட்டிக்கு டிலே பெடல் என்று பெயர். வேலை ரொம்ப எளிது. கம்பியை ஒரு தடவை மீட்டினால் அந்த ஒலி நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். அதன் நகல் ஒன்று சற்றுத் தாமதித்துப் பின்னால் போகும். அந்த நகலின் நகல் அதற்கும் பின்னால். மலைக்கு முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மலை திருப்பிச் சொல்லுமே, அதுதான். மலைக்குப் பதில் ஒன்பது வோல்ட் பெட்டி.

இன்ஜினீயரிங் காலேஜில் கணக்கில்லாமல் பேசினால் மரியாதை இல்லை. ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், போய்த் திரும்ப 34 மீட்டர். அதாவது 100 மில்லி செகண்ட். அந்தச் சுவரைப் பார்த்துக் கை தட்டினால் இரண்டாவது தட்டல் தனியாகக் கேட்கும். சுவர் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் கேட்காது. காது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1949-ல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதைத்தான் அளந்தார். கார்பன் காப்பி அதிகபட்சம் 600 மில்லி செகண்ட் தாமதம் தரும். அதாவது, நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு சுவரை உங்கள் காலடியில் கொண்டுவந்து வைக்கிறது.

இதை முதலில் டேப்பில்தான் செய்தார்கள். ஒரு தலை பதிவு செய்யும். சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு தலை படிக்கும். இரண்டுக்கும் உள்ள தூரமும் டேப் ஓடும் வேகமும்தான் தாமதம். 1950-களில் ரே பட்ஸ் என்பவர் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே இப்படி ஒரு டேப் வளையத்தை வைத்துச் செய்தார். எல்விஸ் பிரெஸ்லியின் கிட்டார்காரர் ஸ்காட்டி மூர் அதை வாங்கி வாசித்தார். நல்ல ஒலிதான். ஆனால் டேப் தேயும், அறும், தலையில் தூசி படியும். மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு அலைய முடியாது.

1969-ல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் வேறு வழி கண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பக்கெட் பிரிகேட்' சாதனம். தீப்பிடித்தால் ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்கள் அல்லவா, அந்தப் பொருளில் வைத்த பெயர். சிவில் நண்பர்களுக்கு இன்னும் சுலபம். தளம் போடுகிற நாளில் கீழே கலவை எந்திரத்திலிருந்து மேல்மாடி வரை ஆட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவார்கள். மேஸ்திரி குரல் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு சட்டியும் ஓர் ஆள் மேலே போகும். இங்கே ஆளுக்குப் பதில் கெப்பாசிட்டர், சாந்துக்குப் பதில் மின்னூட்டம், மேஸ்திரிக்குப் பதில் கிளாக். ஒலியின் இந்தக் கணத்து அளவு ஒரு சட்டி. அது வரிசையின் மறு முனைக்குப் போய்ச் சேரும் நேரம்தான் தாமதம்.

இந்த வகையில் பேர் போன சில்லு, ஜப்பானின் மட்சுஷிட்டா செய்த எம்.என்.3005. அதில் 4096 படிகள். படிகளின் எண்ணிக்கையைக் கிளாக் வேகத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் தாமதம் வரும். கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் 20.48 மில்லி செகண்ட். 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் 204.8. தாமதம் அதிகம் வேண்டுமா, மேஸ்திரி மெதுவாகக் குரல் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். நைக்விஸ்ட் தேற்றம் ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு மட்டும் படித்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுத்தால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை உள்ளே விடவே கூடாது. விட்டால் அது வேறு ஸ்வரமாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். எனவே முன்னும் பின்னும் ஃபில்டர் போட்டு மேல் ஸ்தாயியை வெட்டிவிடுகிறார்கள். போதாததற்கு, நாலாயிரம் கை மாறும்போது கொஞ்சம் சிந்தவும் செய்யும். ஆகவே முதல் நகல் மூலத்தைவிடச் சற்று மங்கல். இரண்டாவது அதைவிட மங்கல். ஐந்தாவது நகல் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ வாசிப்பது போல இருக்கும்.

இப்போது அந்தப் பெயரைப் பாருங்கள். கார்பன் காப்பி. இன்றைய மாணவர்களில் பலர் கார்பன் தாளைக் கடை பில் புத்தகத்தில்தான் பார்த்திருப்பீர்கள். அலுவலகத்தில் தட்டச்சு எந்திரத்தில் ஐந்து தாளுக்கு நடுவே நாலு கார்பன் வைத்து அடிப்பார்கள். மேல் தாள் மேலதிகாரிக்கு. கடைசித் தாள் ஃபைலுக்கு. அதில் எழுத்து நிழல் மாதிரி இருக்கும். 1980-களில் டிஜிட்டல் டிலே பெடல்கள் வந்தன. அவை ஜெராக்ஸ் மாதிரி. பத்தாவது நகலும் பளிச்சென்று இருக்கும். தொழில்நுட்பப்படி அதுதான் மேல். அப்படியிருக்க, 2008-ல் ஒரு கம்பெனி வேண்டுமென்றே மங்கும் பெட்டியைச் செய்து, அதற்கு மங்கும் நகலின் பெயரையே வைத்து, உலகம் முழுக்க விற்றது. காரணம் எளிது. பளிச்சென்று வரும் நகல், அடுத்து வாசிக்கும் ஸ்வரத்தோடு சண்டை போடும். மங்கும் நகல் வழிவிட்டு ஒதுங்கும். நாம் நினைவு என்று சொல்வதும் அப்படித்தானே தேய்கிறது.

விமரிசனம் என்றால் குறையும் நிறையும் சொல்ல வேண்டும். மேலே மூன்று குமிழ்: எவ்வளவு தாமதம், எத்தனை நகல், எவ்வளவு சத்தம். ஒரு சின்னப் பொத்தான். அதை அமுக்கினால் நகல் லேசாக அலையும், பழைய டேப் போல. எத்தனை நகல் என்ற குமிழை முழுக்கத் திருப்பினால் பெட்டி தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு ஊளையிட ஆரம்பிக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் லூப் கெயின் ஒன்றைத் தாண்டினால் என்ன ஆகும் என்று படித்தோமே, அதைக் காதால் கேட்க இதைவிட நல்ல லேப் இல்லை. இதெல்லாம் நிறை.

குறை என்றால், பாட்டின் வேகத்துக்கு ஏற்பக் காலால் தட்டித் தாமதத்தை அமைக்கும் வசதி மூலப் பெட்டியில் கிடையாது. பின்னால் வந்த டீலக்ஸில்தான் அது வந்தது. நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லி செகண்ட். அதில் முக்கால் பங்கு, 375-ல் வைத்தால் வாசிப்பதும் திரும்பி வருவதும் பின்னல் போல ஒன்றுக்குள் ஒன்று விழும். மூலப் பெட்டியில் அந்த 375-ஐக் காதை வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு ஸ்வரமும் கண்ணாடி போலத் தெரிய வேண்டும் என்பவருக்கு இந்தப் பெட்டி ஆகாது. அவர் டிஜிட்டலே வாங்கட்டும். மற்றவர்களுக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து வாசிக்க இதைப் போல் துணை இல்லை.

படம்

இப்போது படத்துக்கு வருகிறேன். பெயர் 'தி தேர்ட் மேன்'. கதை கிரகாம் கிரீன், இயக்கம் கேரல் ரீட். இந்த வகைப் படங்களைப் பிரெஞ்சு வார்த்தையில் 'நுவார்' என்பார்கள். கறுப்பு என்று அர்த்தம். இருட்டுத் தெரு, நீள நிழல், நல்லவனா கெட்டவனா என்று தீர்மானிக்க முடியாத மனிதர்கள். நமக்கு இது அந்நியம் இல்லை. 1954-ல் ஏ.வி.எம். எடுத்த 'அந்த நாள்' இந்த ரகம்தான். பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி கணேசன் அதில் ரேடியோ இன்ஜினீயர், நம்ம டிபார்ட்மென்ட்! படித்த படிப்பை யாருக்கு விற்கலாம் என்ற கேள்வியில் அவர் கதை முடிகிறது. இயக்கியவர் எஸ்.பாலசந்தர், ஆமாம், பின்னாளில் வீணை பாலசந்தர் என்று உலகம் கொண்டாடிய அதே மேதை.

'தி தேர்ட் மேன்' நடக்கும் இடம் வியன்னா. இரண்டாம் உலகப் போர் முடிந்து, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் நாடு நான்கும் அந்த நகரத்தைப் பங்கு போட்டுக் காவல் காத்த காலம். ஹாலி மார்ட்டின்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளன், காசில்லாதவன், தன் பால்ய நண்பன் ஹாரி லைம் வேலை தருகிறேன் என்று கூப்பிட்டதால் வருகிறான். வந்து இறங்கினால், ஹாரி வண்டி மோதிச் செத்துவிட்டான், அன்றைக்கே அடக்கம். நேரே கல்லறைக்குப் போகிறான். விபத்து நடந்தபோது உடலைத் தூக்கியவர்கள் இரண்டு பேர் என்று சாட்சிகள் சொல்கிறார்கள். மேல்மாடிச் சன்னலிலிருந்து பார்த்த கட்டடக் காவல்காரர் மட்டும் மூன்று பேர் என்கிறார். அந்த மூன்றாவது ஆள் யார்?

படம் வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆகவே நான் முடிவைச் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் ஹாரியேதான். அவன் சாகவில்லை. புதைக்கப்பட்டது வேறொருவன்.

கேரல் ரீட் இதைச் சொல்லும் முறைதான் அற்புதம். ஹாரியாக நடித்தவர் ஆர்சன் வெல்ஸ். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் படத்தில் வருவதே இல்லை. ஆனால் எல்லோரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். காதலி அன்னா ஒரு ஹாரியைச் சொல்கிறாள். கூட்டாளிகள் வேறொரு ஹாரியைச் சொல்கிறார்கள். மேஜர் காலோவே என்ற பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி சொல்லும் ஹாரி வேறு. ஒரு ராத்திரி, எதிர் வீட்டு வாசல் இருட்டில் யாரோ நிற்கிறார்கள். காலடியில் ஒரு பூனை. மாடியில் யாரோ சன்னல் விளக்கைப் போட, வெளிச்சம் நேரே அந்த முகத்தில் விழுகிறது. லேசாக ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், விளக்கு அணைந்துவிடுகிறது. அடுத்து நாம் கேட்பது வெறும் தெருவில் ஓடும் காலடிச் சத்தமும் அதன் எதிரொலியும் மட்டும்.

பெடலில் நகல் திரும்பத் திரும்ப மங்கும் என்று சொன்னேன். இந்தப் படத்தில் நேர் எதிர். ஹாரி திரும்ப வரும் ஒவ்வொரு தடவையும் இன்னும் தெளிவாகத் தெரிகிறான். தெளியத் தெளிய நமக்குப் பயம் வருகிறது.

ஒளிப்பதிவு ராபர்ட் கிராஸ்கர். இதற்காக ஆஸ்கர் வாங்கினார். கேமராவைச் சாய்த்துச் சாய்த்து வைத்திருப்பார். கட்டடங்கள் விழப்போவது போல இருக்கும். ராத்திரிக் காட்சிகளுக்குத் தெருக்கல்லில் தண்ணீர் பீய்ச்சி நனைத்திருக்கிறார்கள்; ஒரு விளக்கு இருந்தால் அது தரையில் நூறு விளக்காகும். கடைசித் துரத்தல் நகரத்துக்கு அடியில், சாக்கடைச் சுரங்கங்களில். அங்கே இசை பெரும்பாலும் இல்லை. தண்ணீர்ச் சத்தம், பூட்ஸ் சத்தம், ஜெர்மனில் கத்தும் குரல்கள். ஒவ்வொரு குரலும் நாலு சுரங்க வாயிலிருந்து திரும்பி வருகிறது. எந்தப் பக்கம் ஓடுவது என்று ஹாரிக்குத் தெரியவில்லை. ஊரையே ஏமாற்றியவனை எதிரொலி ஏமாற்றுகிறது. ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இசையைச் சொல்லாமல் விட்டால் பாவம். முழுப் படத்துக்கும் ஒரே வாத்தியம், ஜிதர். நம்ம சிதார் இல்லை. மேஜை மேல் படுக்கவைத்து வாசிக்கும் கம்பி வாத்தியம். வியன்னாவில் மதுக்கடைகளில் வாசித்துப் பிழைத்துக் கொண்டிருந்த ஆன்டன் கராஸ் என்பவரை ரீட் பிடித்து லண்டனுக்குக் கூட்டிப் போனார். படத்தின் பெயர் ஓடும்போது திரையில் வேறெதுவும் கிடையாது. ஜிதர் கம்பிகள் அதிர்வது மட்டுமே. அந்த மெட்டு 1950-ல் அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அந்த மெட்டை என் கிட்டாரில் கார்பன் காப்பி வழியாக வாசித்துப் பார்த்தேன். ஜோடி சேரும் என்றுதான் நினைத்தேன். சேரவில்லை. 350 மில்லி செகண்டில் வைத்தால் மெட்டு அழுகிறது. கேட்பவருக்குப் பரிதாபம் வருகிறது. கராஸ் வாசிப்பில் அழுகையே கிடையாது. காய்ந்த, குறும்பான ஒலி. பிணம் விழும்போதும் அது சிரித்துக்கொண்டே போகிறது, ஹாரி போலவே. பெட்டியை அணைத்துவிட்டு வாசித்தேன். அப்போதுதான் சரியாக வந்தது. ஒரு சாதனத்தின் விமரிசனத்தில் அதை எப்போது அணைக்க வேண்டும் என்பதும் சேர்த்தி.

ராட்டினம்

ஹாரி செய்த தொழில் என்ன? பென்சிலின். போருக்குப் பிந்தைய வியன்னாவில் அந்த மருந்து ராணுவ ஆஸ்பத்திரிகளில் மட்டுமே கிடைக்கும். ஹாரியின் கும்பல் அதைத் திருடி, தண்ணீர் கலந்து, கள்ளச் சந்தையில் விற்கிறது. பாலில் தண்ணீர் கலப்பது போல என்று நினைக்கலாம். ஆனால் நோய்க்குப் போதாத மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? மூளைக் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு அந்த மருந்துதான் போகிறது. காலோவே மார்ட்டின்ஸைக் குழந்தைகள் வார்டுக்குக் கூட்டிப் போகிறார். கேமரா ஒரு குழந்தையின் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. தொட்டிலைக் குனிந்து பார்ப்பவர்களின் முகத்தை மட்டும் காட்டுகிறது. நர்ஸ் ஒரு கரடி பொம்மையை அப்புறப்படுத்துகிறாள். போதும், நமக்குப் புரிந்துவிடுகிறது.

அதற்கு முன்னால் வரும் காட்சிதான் படத்தின் உயிர். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1897-ல் கட்டிய ராட்சத ராட்டினம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் பெட்டியில் ஹாரியும் மார்ட்டின்ஸும் ஏறுகிறார்கள். உச்சிக்குப் போனதும் ஹாரி கதவைத் திறந்து கீழே காட்டுகிறான். மனிதர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள். அந்தப் புள்ளியில் ஒன்று அசையாமல் நின்றுபோனால் உனக்கு உண்மையில் வருத்தமாக இருக்குமா என்கிறான். நின்றுபோகும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு பவுண்டு என்றால் வேண்டாம் என்பாயா என்கிறான். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறான். வில்லன் என்று அவன் நெற்றியில் எழுதி ஒட்டவில்லை. நம் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பையன் ஒருவன் இருப்பானே, அவனைப் போல இருக்கிறான்.

நண்பர்களே, அந்த ராட்டினத்தில் நாம் ஏறவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்ஜினீயரின் நாற்காலியே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. நாம் மனிதர்களைப் பார்ப்பதில்லை. பத்தாயிரத்துக்கு எத்தனை பழுது, வாரண்டியில் எத்தனை திரும்பி வந்தது, இதைத்தான் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அவை புள்ளிகள் அல்ல என்பதை யாராவது அவ்வப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எம்.என்.3005 உற்பத்தி நின்று வெகு காலம் ஆகிறது. பழைய பெடல்களைப் பழுது பார்ப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். தேவை இருந்து சரக்கு இல்லை என்றால் ஹாரி வந்துவிடுவான். வேறொரு சில்லின் மேலிருக்கும் எழுத்தைச் சுரண்டி, கறுப்புப் பூசி, மேலே எம்.என்.3005 என்று அச்சடித்து விற்கிறார்கள். வாங்கிப் போட்டால் ஊமை, இல்லாவிட்டால் இரைச்சல். சரி, போனால் ஒரு பாட்டுப் போச்சு. யாரும் சாகப் போவதில்லை.

2021-ல் உலகமெங்கும் சில்லுத் தட்டுப்பாடு இருந்தது, ஞாபகம் இருக்கும். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வைக்கும் கண்காணிப்புக் கருவிக்கான பவர் சப்ளை போர்டு செய்து கொண்டிருந்தோம். வழக்கமான விநியோகஸ்தர் ஒரு வருஷம் ஆகும் என்றார். ஒரு புரோக்கர் மூலம் இரண்டாயிரம் சில்லு வந்தது. உள்வரும் சரக்கைச் சோதிக்கும் மேஜையில் டிப்ளமோ முடித்த ஒரு பெண் இருந்தார். வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம். எல்லாச் சில்லிலும் ஒரே தேதிக் குறியீடு, ஆனால் அடிப்பக்கத்து அச்சுக்குழி வேறு வேறாக இருப்பதைக் கவனித்தார். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தார். பஞ்சு கறுத்துவிட்டது. அடியில் பழைய எழுத்தின் சுவடு தெரிந்தது.

மேலே தகவல் போனது. பெரியவர் ஒருவர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு அவர் நெருக்கடி. "டெஸ்ட் ஜிக்ல போட்டுப் பாத்தாச்சு, எல்லாம் பாஸ் ஆகுது. ஆயிரத்துல ஒண்ணு போனா மாத்திக் குடுத்துடலாம்மா" என்றார். ஆயிரத்தில் ஒன்று. ராட்டினம் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "சார், பெட்டி மேல 'ஆஸ்பத்திரி உபயோகத்துக்கு'ன்னு போட்டிருக்கு சார்" என்றார். பதிவேட்டை எடுத்து, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். அதற்கு எனக்குப் பெரிய தைரியம் தேவைப்படவில்லை. முதல் கையெழுத்துதான் கஷ்டம். அதை அவர் போட்டுவிட்டார்.

சரக்கு ஆறு வாரம் தாமதமாகப் போனது. அபராதம் கட்டினோம். அந்தப் பெண்ணுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. ஒரு மாதம் அந்த மேஜைப் பக்கம் போகும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கட்டில் பக்கத்தில் நல்ல போர்டு போட்ட கருவி ஓடிக் கொண்டிருக்கிறது. அந்தக் கட்டிலில் இருப்பவருக்கு இவர் யாரென்று தெரியாது.

இந்த இடத்தில் படத்தின் முடிவைச் சொல்ல வேண்டும். மார்ட்டின்ஸ் தன் நண்பனைப் போலீசுக்குக் காட்டிக் கொடுக்கிறான். சாக்கடைச் சுரங்கத்தில் அவன் கையாலேயே ஹாரி சாகிறான். மறுபடி அதே கல்லறை, அதே ஹாரிக்கு இரண்டாவது அடக்கம். இந்தத் தடவை நிஜம். அடக்கம் முடிந்ததும் மார்ட்டின்ஸ் வண்டியை விட்டு இறங்கி, நீண்ட சாலை ஓரத்தில் அன்னாவுக்காகக் காத்து நிற்கிறான். தூரத்தில் புள்ளியாகத் தெரிகிறாள். நடந்து வருகிறாள். இலைகள் உதிர்கின்றன. கேமரா அசைவதே இல்லை. புள்ளி பெரிதாகி மனுஷியாகிறது. வந்தவள் அவனை ஏறிட்டும் பாராமல் தாண்டிப் போய்விடுகிறாள். அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கிறான். படம் முடிந்தது. கிரகாம் கிரீன் முதலில் இருவரும் சேர்ந்து போவதாகத்தான் எழுதியிருந்தார். ரீட் ஒப்புக்கொள்ளவில்லை. ரீட் சொன்னதே சரி என்று கிரீன் பின்னால் எழுதினார்.

செய்ய வேண்டியதைச் செய்தவனுக்குக் கதாநாயகி கிடைப்பாள் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இந்தப் படம் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் இதை நம்ப முடிகிறது. 1999-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில் சிறந்த பிரிட்டிஷ் படமாக முதலிடம் பெற்றதும் இதுதான்.

மாணவர்களுக்கு

வயதானவர்கள் போல அறிவுரை சொல்ல எனக்கு இன்னும் வயதாகவில்லை. ஆகவே மூன்று வேலை மட்டும் தருகிறேன்.

ஒன்று, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், நீங்கள் செய்யும் பொருள் கடைசியில் எங்கே போய்ப் பொருத்தப்படுகிறது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரியோ, ரயிலோ, பக்கத்துத் தெரு மாவு மில்லோ, எதுவானாலும் சரி. ராட்டினத்திலிருந்து இறங்க எனக்குத் தெரிந்த ஒரே படிக்கட்டு அதுதான்.

இரண்டு, உங்களுக்குக் கீழே சோதனை மேஜையில் உட்காருபவர் நிராகரித்து எழுதினால், முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். சரியாக இருந்தால் உடனே கீழே கையெழுத்துப் போடுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

மூன்று, மின்னணுவியல் மாணவர்கள் ஒரு தடவையாவது டிலே பெடல் ஒன்றை நீங்களே கட்டிப் பாருங்கள். பக்கெட் பிரிகேட் சில்லு புதிதாகவும் செய்து விற்கிறார்கள். நம்பகமான கடையில் வாங்குங்கள், பஞ்சும் அசிட்டோனும் கையில் இருக்கட்டும். ஃபில்டர், கிளாக், ஃபீட்பேக் என்று தனித்தனிப் பேப்பராக எழுதிப் பாஸான மூன்றும் ஒரே போர்டில் காதுக்குக் கேட்கும். முதல் தடவை பவர் கொடுக்கும்போது ஒலி வராது. இரண்டாம் தடவை இரைச்சல் வரும். மூன்றாம் தடவை வரும் பாருங்கள், நீங்கள் மீட்டியது அரை வினாடி கழித்து உங்களிடமே திரும்பி. அந்தச் சந்தோஷத்தை எந்த வளாக நேர்காணலும் தராது.

பின் வரிசையில் சலசலப்பு கேட்கிறது. சாப்பாடு வந்துவிட்டது போலிருக்கிறது.